எதிர்மேடைக் கூட்டம்

"இன்னைக்கும் நிக்குது பாரு," என்றார் பெரியவர், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"எது?" என்றாள் அவர் மனைவி, எடைச்சீட்டைக் கிழித்துக்கொண்டே.

"எதுவா? கண்ணு அவிஞ்சா போச்சு? எதிர்ல பாரு. லாரி. வளைவு வரைக்கும் நிக்குது."

சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு எடைமேடைகள். இந்தப் பக்கம் இருப்பது பெரியவருடையது. அந்தப் பக்கம் சின்னவருடையது. இருவரும் சகலைகள். இவர் அக்காவைக் கட்டியவர், அவர் தங்கையைக் கட்டியவர். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு பேர் ஒரே தொழிலை எதிரெதிரே உட்கார்ந்து செய்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி ஏற்றி வரும் லாரிகள் இந்த இரண்டு மேடைகளில் ஏதாவது ஒன்றில் ஏறி எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

பெரியவர் மேடையில் ஒரு லாரி ஏறியது. எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. மனைவி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினாள். கர்ரென்று பிரிண்டர் சீட்டைத் துப்பியது. டிரைவர் இறங்கக்கூட இல்லை. வண்டியிலிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"போயிட்டான்," என்றார் பெரியவர், பெண் பார்க்க வந்து பிடிக்கவில்லை என்று எழுந்து போனவனைச் சொல்வதுபோல.

"வேலை முடிஞ்சா போகாம? இங்கேயே பாய் போட்டுப் படுப்பானா?"

"அங்க படுக்கறானே!"

பொய்யில்லை. எதிர்ச் சாரியில் லாரிகளின் நிழலில் டிரைவர்கள் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் சின்னவரின் தண்ணீர்த் தொட்டியருகே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். பக்கக் கண்ணாடியில் ஈரச் சட்டை காய்ந்தது. நாலு பேர் சீட்டாடினார்கள். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள்கூட அவ்வளவு உரிமையோடு இருக்க மாட்டார்கள்.

"நமக்கும்தான் வண்டி வந்துட்டே இருக்கு. கிரஷர் கேட்டுல நிக்கறவரு ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு மாத்தி மாத்திதானே அனுப்பறாரு?"

"அப்படித்தான் அந்தக் கேட்டுல நிக்கறவன் சொல்லிக்கிறான். இங்க வருது, போகுது. நிக்குதா?"

பெரியவர் மூட்டை தூக்கிப் பிழைத்து, முதுகெலும்பு தேய்ந்து, இந்த மேடையைப் போட்டவர். விடியற்காலையில் எந்த மேஸ்திரி வாசலில் ஆள் நிற்கிறதோ அங்கேதான் வேலை இருக்கும். வாசல் காலியாக இருந்தால் அவனிடம் ஒன்றுமில்லை. இந்தப் பாடத்தை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, பட்டினியில் படித்தார். அதனால் மறக்கவில்லை.

போதாக்குறைக்குக் கிரஷர் மேனேஜர் போன் செய்திருந்தார். "ரெண்டு மேடையில பாதிப் பாதி போடறது சரிப்படலைன்னு முதலாளி சொல்றாரு. இனிமே எல்லா வண்டியும் ஒரே மேடைதான். அடுத்த வாரம் நேர்ல வந்து பாத்துட்டு எதுன்னு முடிவு பண்றேன்."

கிரஷர் லாரி வராத மேடையில் கோழிதான் மேயும்.

"அவன் வந்து எதைப் பாப்பான்? கூட்டத்தைத்தானே பாப்பான்?" பெரியவருக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

காரணத்தை மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

"தங்கச்சிகிட்டப் பேசினேன். அவ வீட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல பழைய சிஸ்டத்தை எடுத்துட்டு என்னமோ லினக்ஸ்னு மாத்திப் போட்டிருக்காராம். யாரு வேணாலும் சும்மா எடுத்துப் போட்டுக்கலாமாம். அதைப் போட்டதுல இருந்து மனுஷன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வர்றதில்லையாம். இவதான் மேடைக்கே சாப்பாடு கொண்டு போறாளாம்."

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "அதானே பாத்தேன்! திடீர்னு இவனுக்கு மட்டும் எப்படிடா கூட்டம் வருதுன்னு!"

துப்பறிய அன்றே எதிர்ப்பக்கம் போனார். சின்னவரின் அறையில் காற்றாடி ஓடியும் சின்னவர் வியர்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் நெற்றியில் லினக்ஸின் அடையாளமான பென்குவின் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"என்ன தம்பி, கூட்டம் அள்ளுது?"

"அதை ஏண்ணே கேக்கறீங்க," என்று சின்னவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கண் பட்டுவிடும் என்று மறைக்கிறான், திருட்டுப் பயல் என்று பெரியவர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணே. உங்க மேடை மட்டும் எப்பப் பாத்தாலும் காலியாவே…"

"போதும்பா." பெரியவர் நாற்காலி பின்னுக்குச் சரிய எழுந்தார். "கை ஓங்கியிருக்கிறப்ப எல்லாரும்தான் பேசுவாங்க."

"அண்ணே, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

பெரியவர் அதற்குள் பாதிச் சாலையைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். அவர் நல்ல மனிதர். அதனால் முதலிலேயே சொன்னார்.

"லினக்ஸ் நல்லாத்தான் ஓடும் சார். என் வீட்டுலயே அதுதான். ஆனா உங்க எடை போடற புரோகிராம் பழைய சிஸ்டத்துக்குன்னு எழுதினது. எழுதினவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தலாமே."

"எதிர்ல இருக்கிறவன் கேட்டானா?"

"அது எனக்குத் தெரியாதே சார்."

"அப்ப நான் மட்டும் ஏன் கேக்கணும்?"

"சரி, பழசையும் புதுசையும் ஒரே பெட்டியில பக்கத்துல பக்கத்துல வெச்சுடறேன். எது வேணுமோ அதைத் தொறந்துக்குங்க."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பட்ட பாடு எனக்கு எதுக்கு? பழசைத் தொடைச்சு எறி. ஒரு தூசு இருக்கக் கூடாது."

"என்னங்க, ஒழுங்கா ஓடிட்டிருக்கிறதை…" என்று ஆரம்பித்தாள் மனைவி.

"நீ உன் தங்கச்சி கட்சி. பேசாதே." பெரியவர் சர்வீஸ்காரர் பக்கம் திரும்பினார். "அந்தக் குருவிப் படம் வெச்சிருக்கியா?"

"பென்குவின் சார்."

"ஏதோ ஒண்ணு. அவன்கிட்ட இருக்கிறதைவிடப் பெருசா ஒட்டு. அப்புறம், எல்லாமே தமிழ்ல வரணும். அவன் பாத்து வயிறெரியட்டும்."

சும்மா சொல்லக் கூடாது, கம்ப்யூட்டர் முன்னைவிடச் சீக்கிரமாக முழித்துக்கொண்டது. திரையில் பச்சை மலை ஒன்று வந்தது. பாட்டுப் பாடியது, படம் காட்டியது, பேத்தியின் போட்டோவை வெட்டி ஒட்டியது. பழைய எடை புரோகிராமையும் எப்படியோ அதற்குள் உட்கார வைத்துவிட்டு, "இதை எழுதினவரை மட்டும் பாத்துடுங்க சார்," என்று மறுபடியும் சொல்லிவிட்டு சர்வீஸ்காரர் போனார்.

முதல் லாரி ஏறியது. ஓட்டி வந்தவர் மீசை. அவருக்கு வேறு பேர் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. எடைப் பெட்டியில் சிவப்பு எண் சரியாக வந்தது. கம்ப்யூட்டரில் வரவில்லை.

"என்ன முதலாளி, சைபர் காட்டுது?" என்று மீசை எட்டிப் பார்த்தார். "அப்ப காலையில இருந்து நான் காத்தையா ஏத்திட்டு வந்தேன்?"

பெரியவர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டார்.

"மேடையில இருந்து வர்ற ஒயரைப் படிக்க நீங்க அனுமதி குடுக்கணும் சார். கறுப்பா ஒரு சன்னல் தொறக்கும். நான் சொல்றதை ஒவ்வொரு எழுத்தா அடிங்க… அடிச்சாச்சா? இப்ப பாஸ்வேர்டு கேக்கும். அதை அடிக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க…"

போன் இணைப்பு அறுந்துவிட்டது.

பெரியவர் பாஸ்வேர்டை அடித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை. இன்னும் அழுத்தி அடித்தார். ஒன்றுமில்லை. மூட்டை தூக்கிய கை. ஒரு பொத்தான் கிளம்பிப்போய் பீரோவுக்கு அடியில் விழுந்தது.

"கீபோர்டு செத்துப்போச்சு," என்று தீர்ப்புச் சொன்னார்.

கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கீபோர்டு வாங்கி வந்தார். அதுவும் எழுதவில்லை. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே திரும்பப் போய் மாற்றி வாங்கி வந்தார். அதுவும் ஊமை. அதற்குள் மீசைக்குப் பின்னால் இன்னும் சில லாரிகள் வந்து நின்றுவிட்டன. ஒருவழியாக சர்வீஸ்காரர் போனை எடுத்தார்.

"அது காட்டாது சார். காட்டாமலே உள்ள வாங்கிக்கும். அடிச்சிட்டு என்டரைத் தட்டுங்க, அவ்வளவுதான்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்றதுக்குள்ளதான் கட்டாயிடுச்சே சார்."

"உங்க அம்மா மாதிரிங்க," என்றாள் மனைவி. "எல்லாத்தையும் உள்ள வாங்கிக்கும், மூஞ்சியில ஒண்ணும் காட்டாது."

எடை வந்தது. மீசையின் லாரி எடை வந்தது. அடுத்த லாரி ஏறியபோதும் அதே மீசையின் எடைதான் வந்தது. ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் புது எடை வந்தது. ஒயரோ மேசைக்கு அடியில், சுவரோரம். ஆகவே ஒவ்வொரு லாரிக்கும் ஒரு ஆள் மண்டி போட்டு உள்ளே போய்ப் பிடுங்கிச் சொருகிவிட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. அந்த ஆள் யார் என்று பேச்சு வரவில்லை. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரிண்டர் தன் பங்குக்கு ஒரு சீட்டு அடித்தால் ஒரு முழுத் தாளை வெறுமையாக உருட்டித் தள்ளியது. அதைச் சரிசெய்ய எங்கே தட்டுவது என்று தேடினார்கள். எல்லாம் தமிழில் இருந்தது.

"'விருப்பத்தேர்வுகள்'னு இருக்குங்க. தட்டவா?"

"நம்ம விருப்பமா, அதோட விருப்பமா?"

"போடலை."

"பொறந்ததுல இருந்து தமிழ்தான் பேசறேன். இந்த டப்பா பேசற தமிழ் எந்த ஊர்த் தமிழோ. விடு, கத்தரிக்கோலை எடு."

இதற்கு நடுவில் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. பெரியவர் வெளியே மேடையில் நின்றபோது அது பூட்டிக்கொண்டது.

"என்னங்க! பாஸ்வேர்டு என்ன?" மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் வந்து போடறேன்!"

"வண்டி ஏறி நிக்குதுங்க! சொல்லுங்க!"

பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மேடையோரம் நின்ற மீசையின் காதில் குனிந்து முணுமுணுத்தார். அது மீசைக்கு அன்று இரண்டாவது நடை. மீசை மலையில் வெடி வெடிக்கும் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்.

"சின்னவன் ஒழிகவாம் தாயி!"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எதிர்ப்பக்கச் சன்னலில் சின்னவரின் தலை ஒருமுறை தெரிந்து மறைந்தது. மேசைக்கு அடியிலிருந்து மனைவியின் தலை எட்டிப் பார்த்தது.

"நடுவுல இடைவெளி விடணுமா, சேத்து அடிக்கணுமா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பெரியவர் நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

லாரி. லாரிக்குப் பின்னால் லாரி. அவருடைய மேடையில் தொடங்கி, அவருடைய வேலியைத் தாண்டி, வளைவு வரைக்கும். அவருடைய தண்ணீர்த் தொட்டியில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய வேப்பமர நிழலில் இரண்டு பேர் குறட்டை விட்டார்கள். பக்கக் கண்ணாடியில் ஈரச் சட்டை.

பெரியவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏய்! வெளிய வா! வந்து பாரு!"

மனைவி முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து பார்த்தாள். "ஐயய்யோ," என்றாள்.

"ஐயய்யோவா? ஆரத்தி எடுடி! போட்டு முழுசா ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ள எப்படி இழுத்துட்டு வருது பாரு இந்த லினக்ஸு!"

அந்த வாரம் பெரியவருக்கு வாழ்நாளில் வாய்க்காத வாரம். நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. டிரைவர்களுக்கு பெஞ்சு போட்டார். தொட்டியை நிரப்பி வைத்தார். சீட்டாடுகிறவர்களுக்குத் தார்ப்பாய் விரித்தார். அவரும் சாப்பிட வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

எதிர்ப்பக்கத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தோள்பை மாட்டிய யாரோ ஒரு ஆள் இரண்டு நாள் அங்கே வந்து, சின்னவரோடு சேர்ந்து மேடையையும் கம்ப்யூட்டரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

"மேடையை விக்கறதுக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கான்," என்றார் பெரியவர். குரலில் கொஞ்சம் இரக்கமும் சேர்ந்திருந்தது.

அந்த ஆள் போன பிறகு எதிர் மேடையில் நிற்க ஒரு லாரி இல்லை. சின்னவர் நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு டீ குடித்தார். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்தார்.

"பாவம், என்ன இருந்தாலும் சகலை," என்றார் பெரியவர். "அவன் மேடை மூடினப்புறம் நம்மகிட்ட வேலைக்கு வெச்சுக்கலாம். மேசைக்கு அடியில போறதுக்கு ஆள் வேணும்."

"அவர் வர்ற வரைக்கும் என் முழங்கால் தாங்காது. அந்த சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு இந்த ஒயரையாவது…"

சர்வீஸ்காரரே மனசு கேட்காமல் ஒருநாள் வந்து நின்றார். "சார், அந்த புரோகிராம்காரர் இப்ப இந்தப் பக்கம்தான் வந்து போயிட்டிருக்காராம். ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

பெரியவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "கை வெச்சே, கொன்னுடுவேன். கூட்டம் வர்ற நேரத்துல எதையாவது நோண்டிக் கெடுக்கப் பாக்கறியா? எதிர்லயிருந்து அனுப்பினானா உன்னை?"

சர்வீஸ்காரர் பென்குவினை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கிரஷர் மேனேஜர் வந்த அன்று பெரியவர் வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். மேனேஜரின் ஜீப் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஆகவே அவர் வளைவிலேயே இறங்கி நடந்து வந்தார். பெரியவர் ஓடிப்போய் எதிர்கொண்டார். இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்?

"வாங்க சார். வழியெல்லாம் வண்டி, மன்னிக்கணும். என்ன பண்றது, தினமும் இப்படித்தான்."

"தினமுமா?"

"தினமும் சார். இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பெரியவர் ஒவ்வொரு லாரியாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தார், சொந்தப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துவதுபோல. குளிக்கிறவரைக் காட்டினார். தூங்குகிறவர்களைக் காட்டினார்.

"சும்மா போற இடத்துல இப்படித் தூங்குவாங்களா சார்? மனசுக்குப் பிடிச்சாத்தான் தூக்கம் வரும். அங்க பாருங்க…" எதிர் மேடையை முகவாயால் காட்டினார். "ஈ காக்கா இல்ல. என் சகலைதான். சொல்லக் கூடாது, ஆனா தொழில்னு வந்துட்டா மக்கள் எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடுது."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி எதிர் மேடையில் ஏறியது, இறங்கியது, போய்விட்டது. மேனேஜர் அதை நின்று பார்த்தார். இன்னொன்று ஏறியது, இறங்கியது, போய்விட்டது. அதையும் நின்று பார்த்தார்.

"நிக்கவே மாட்டேங்குது பாத்தீங்களா?" என்றார் பெரியவர்.

"பாத்தேன்," என்றார் மேனேஜர்.

அறைக்குள்ளே மேசைக்கு அடியிலிருந்து மனைவியின் கால்கள் மட்டும் தெரிந்தன. பிரிண்டர் வெறுந்தாளை உருட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் வாசலோடு திரும்பி, பெஞ்சில் படுத்திருந்த மீசையைத் தட்டி எழுப்பினார்.

"எங்க ஜல்லிக்காகக் கட்டட வேலையில ஆளுங்க காத்துக் கிடக்கறாங்க, நீ இங்க தூங்கறே. எதிர் மேடையிலயும் இதே கம்ப்யூட்டர்தானேய்யா? அங்க மட்டும் எப்படி வண்டி உடனே போகுது?"

மீசை எழுந்து உட்கார்ந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அங்கயும் போன வாரம் வரைக்கும் இதே தூக்கம்தாங்க, 'எங்கண்ணன் மேடையில மட்டும் எப்படிய்யா ஒரு வண்டிகூட நிக்காமப் போகுது'ன்னு தினமும் சன்னல்ல நின்னு இந்தப் பக்கமே பாத்து வயிறெரிஞ்சுதான், சின்னவரு அந்த புரோகிராம் எழுதினவரைக் கையோட கூட்டியாந்து சரி பண்ணிக்கிட்டாரு."